துரு தேடிய போசன்

பவுரோ கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த வாரம் எங்கள் ஊரில் முதலில் காணாமல் போனது குப்பை.

பெட்டியை இறக்கி வைத்தவர், மனைவி தீரா நீட்டிய இளநீரை நின்றபடியே குடித்துவிட்டு ஈர்க்குமாற்றைக் கையில் எடுத்தார். உதிர்ந்து கிடந்த சீமைப்பலா இலை, தாழை ஓலை, தேங்காய் மட்டை, மரத்தடியில் யாரோ எந்தக் காலத்திலோ போட்டு வைத்த மீன் டின்கள், துருப்பிடித்த சைக்கிள் சக்கரம், ஒன்றையும் விடவில்லை. எரிவதை எரித்தார். எரியாததைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த தன் மச்சினி ரகேராவின் வீட்டுப் பின்புறம் கொட்டினார். அங்கே ஏற்கெனவே இடுப்பளவு உயரத்தில் ஒரு குப்பைமேடு இருந்தது.

ரகேரா மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மச்சான், வெளிநாட்டுல இருந்து எனக்குன்னு கொண்டு வந்த சாமானா?"

"உன் வீட்டுல ரெண்டு டின் கூடினா யாருக்குத் தெரியப் போகுது? நீ பொறந்ததுல இருந்து கூட்டாத இடம்தானே இது."

"கூட்டினா குனியணும். குனிஞ்சா இடுப்பு வலிக்கும். நீங்க நல்லாக் கூட்டுங்க, நான் பாக்குறேன்."

அக்காள் புருஷனும் கொழுந்தியாளும் எங்கள் தீவில் எதையும் பேசிக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அதற்கும் சேர்த்துக் கேலி வரும்.

நான் இன்னொரு பக்கத்து வீட்டுக்காரன், தெபானோ. கள் இறக்குவது என் வேலை. காலையிலும் மாலையிலும் தென்னை உச்சியில் உட்கார்ந்து உரக்கப் பாடுவேன். குரல் நன்றாக இருப்பதாலல்ல. மேலே ஓர் ஆள் இருக்கிறான் என்று கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பவளத்திட்டுகள் அடைத்த உள்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் பவுரோவின் முற்றம். அந்த மூன்றில் நான் அதிகம் பார்த்தது முற்றத்தைத்தான்.

பவுரோ போசனாக இருந்தவர், அதாவது சரக்குக் கப்பலில் தளத்து வேலையாட்களுக்கு மேஸ்திரி. போசனுக்கு உலகத்தில் ஒரே பகை துரு. விடிந்தால் சுத்தியலால் துருவைத் தட்டுவது, சுரண்டுவது, சாயம் பூசுவது; அந்தக் கோடியில் முடிப்பதற்குள் இந்தக் கோடியில் மறுபடி பிடித்திருக்கும். வாழ்க்கையில் பாதியை இப்படியே கழித்தவர். "இந்தக் கையால நான் கடல்ல தள்ளின துருவைச் சேத்து வெச்சிருந்தா இன்னொரு கப்பல் கட்டியிருக்கலாம்" என்பார். ஓய்வு பெற்றபோது வேறெதையும் கேட்காமல் தன்னுடைய துருச்சுத்தியலை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார். அது வீட்டுத் தூணில் எண்ணெய் பூசித் தொங்கியது.

முற்றம் சுத்தமானதும் தோட்டம் போட்டார். தோட்டமா அது, கப்பல் தளம். பாத்திகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. ஓரங்களில் வெள்ளை வெளேரென்ற பவளக் கற்களை அலசி அடுக்கியிருந்தார். எரித்த குப்பையின் சாம்பலைச் சலித்து, பாத்திகளில் மாவு தூவுவதுபோல் தூவினார். பிறகு தலைநகரிலிருந்து வரவழைத்த பூசணி விதைகளை ஊன்றினார்.

"சாம்பல் எதுக்குண்ணே?" என்று மரத்திலிருந்தே கேட்டேன்.

"செடிக்கு அதுதான்டா சோறு. எங்க கப்பல் சமையக்காரன் சொன்னான். அவன் ஊர்ல மலைக்காட்டுல சாம்பல் போட்டுத்தான் கறிகாய் விளைவிக்கிறாங்களாம். நீ பாடுறதைப் பாடு."

இதோடு நிறுத்தியிருந்தால் அது அவர் வீட்டுச் சங்கதியாகப் போயிருக்கும். அந்த மாதம் ஊர்க்கூடத்தில் கூட்டம் நடந்தது. கூடத்துக்குப் புதுக் கூரை வேய்ந்து, வடக்கூர்க்காரர்களை அழைத்து விருந்து வைப்பதென்று முடிவானது. யார் வீட்டிலிருந்து என்ன வரும் என்று பெரியவர் இயோபா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் குழிச்சேம்புக் கிழங்கு என்றார், ஒருவர் பன்றி என்றார், நான் கள்ளும் பாகும் என்றேன். பவுரோ முறை வந்தது.

"பூசணி" என்றார்.

"நம்ம ஊர்ல பூசணியா? சரி, எத்தனை?"

"விருந்தாளி தலைக்கு ஒண்ணு."

கூடத்தில் பாதிப் பேர் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார்கள். பாயில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தீரா, முந்தானை இருந்தால் வாயில் திணித்திருப்பாள். எங்கள் பெண்களுக்கு அது இல்லாததால் கையால் பொத்திக்கொண்டாள். பெரியவர் இயோபா மட்டும் பல்லில்லாத வாயை மெதுவாக அசைத்து, "தலைக்கு ஒண்ணு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பெருமை பேசினவனை எங்கள் ஊரில் யாரும் திட்ட மாட்டார்கள். அவன் சொன்னதை அவனிடமே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். மறுநாளிலிருந்து பவுரோ வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனால், "தலைக்கு ஒண்ணு பிடிச்சிட்டு வாங்க" என்றார்கள். தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "தலைக்கு ஒரு பாட்டுப் புத்தகம் இருக்கா?" என்றார். பவுரோ விறைப்பாக நடந்து போவார்.

விதைகள் முளைக்கத்தான் செய்தன. கொடி ஒரு கை நீளம் ஓடும்வரை அவர் நடையில் மிடுக்கு இருந்தது. பிறகு நுனியில் புதிதாக விரிந்த இலைகள் மஞ்சளாக வந்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். அதற்கடுத்து வந்த இலைகள் இன்னும் வெளுத்தன. நான் உச்சியிலிருந்து பார்த்தபோது, வெள்ளைக் கற்களுக்கு நடுவே வெளுத்த கொடிகள் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டதுபோல் கிடந்தன.

"அண்ணே, இலைக்கும் சாயம் அடிச்சுட்டீங்களா?"

"வாயை மூடிட்டு இறங்குடா."

பவுரோ இன்னும் சாம்பல் போட்டார். கிணற்று நீரைக் காலையும் மாலையும் ஊற்றினார். முதலில் விதை கெட்டது என்றார், அப்புறம் உப்புக்காற்று என்றார். கடைசியில் என் பாட்டுச் சத்தத்தில் செடி பயந்துவிட்டதென்று தீராவிடம் சொன்னாராம். அதை அவள் ரகேராவிடம் சொல்ல, ரகேரா ஊரிடம் சொன்னாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே விதையில், பவுரோ பிறகு கொட்டிய குப்பையோடு தவறிப் போன ஒன்றிரண்டு ரகேராவின் குப்பைமேட்டில் தானாக முளைத்து, கரும்பச்சை இலையோடு மேட்டையே மூடிக்கொண்டிருந்தன. அவள் அதற்குத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

"என்னடி போட்ட?" என்று பவுரோ ஒருநாள் கேட்டே விட்டார்.

"மீன் குடலைப் போட்டேன். அப்புறம் சோம்பேறித்தனம். வேற ஒண்ணும் போடல மச்சான், சத்தியமா."

அவள் சொன்னது உண்மைதான். அவளுக்கும் காரணம் தெரியாது.

அந்த நேரத்தில்தான் தலைநகரிலிருந்து படகில் விவசாயத் துறைப் பெண் ஒருத்தி வந்தாள். அகோயா என்று பெயர். வீடுகளுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்க வந்தவள். பவுரோ அவளைக் குஞ்சுக் கூடையோடு தன் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூடவே ரகேராவும் வந்தாள். நான் இறங்க வேண்டியவன், இறங்கவில்லை.

அகோயா ஓர் இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பையிலிருந்து சிறிய வெள்ளைத் தட்டை எடுத்து, ஒரு சிட்டிகை மண் வைத்து, ஒரு புட்டியிலிருந்து சொட்டுகள் விட்டுக் குழைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினாள். சற்று நேரத்தில் பொடி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

"மாமா, இது மண்ணே இல்ல, சுண்ணாம்பு. நம்ம தீவு முழுக்கப் பவளம் பொடிஞ்சு ஆனதுதானே. மண்ணு புளிப்பா இருந்தா இந்தப் பொடி மஞ்சளாகும், நடுவுல இருந்தா பச்சை. இவ்வளவு ஊதா நான் எங்கேயும் பாத்ததில்ல. மேல என்ன போட்டீங்க?"

"சாம்பல். சலிச்சுப் போட்டேன்."

"அது சுண்ணாம்புக்கு மேல சுண்ணாம்பு போட்ட மாதிரி."

"கப்பல் சமையக்காரன் ஊர்ல..."

"அவங்க மலை மண்ணு புளிப்பு மண்ணு. அங்க சாம்பல் போட்டா புளிப்பு குறையும், செடி நல்லா வரும். இங்க குறைக்கிறதுக்குப் புளிப்பே இல்லையே. உங்க செடிக்கு இரும்புச் சத்து கிடைக்கல மாமா. அதான் இளசு இலை வெளுக்குது."

"இரும்பு" என்றார் பவுரோ. முகம் மாறிவிட்டது.

"மண்ணுல கொஞ்சம் இருக்கும். இந்தக் காரத்துல அது கரையாது. கரையாததை வேரால குடிக்க முடியாது. இலைதழை மக்கினா அதுல ஒரு புளிப்பு வரும், அதுதான் இரும்பைக் கரைச்சு..."

அவள் மேலும் சொன்னாள். மேலே இருந்த எனக்குக்கூட நன்றாகக் கேட்டது. பவுரோ மட்டும் "இரும்பு" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்.

அகோயா வெளிர்பச்சையாக ஓர் உப்பை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ஓர் இலையில் பாதிக்கு மட்டும் பூசினாள். "இது இரும்பு உப்பு. பூசின பாதி ஒரு வாரத்துல பச்சையாகும், பாருங்க. புட்டியில மிச்சம் இருக்கு. தண்ணி கலந்து எல்லா இலையிலயும் தெளிச்சு விடுங்க. இது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அப்புறம் மண்ணைத்தான் சரி பண்ணணும்."

பவுரோ அவளைப் படகுவரை கொண்டுவிடப் போனார். புட்டி பாத்தி ஓரத்தில் இருந்தது. ரகேராவும் பாத்தி ஓரத்தில் இருந்தாள். அவள் தரையில் கிடந்த கோழி இறகு ஒன்றை எடுத்தாள். நான் மரத்தில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பவுரோ திரும்பி வந்தபோது புட்டி காலி.

"எல்லாத்துக்கும் பூசிட்டேன் மச்சான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"உனக்கு நல்ல புத்திகூட வருமா?" என்று அவர் நன்றியோடு கேட்டார்.

ஒரு வாரத்தில் அகோயா பூசிய பாதி சொன்னபடியே பச்சையானது. பவுரோ குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இலைகளை மேலேயிருந்து நான்தான் முதலில் பார்த்தேன். பாதையோரமாகப் படர்ந்திருந்த பெரிய மஞ்சள் இலைகளில், ஒன்றுவிட்டு ஒன்றில், கோணல்மாணலாகப் பச்சை எழுத்துகள் தெரிந்தன. எங்கள் பாஷையில் நாலே எழுத்தில் ஒரு சொல். பசி.

பாதி பாட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு நின்றால் ஆள் விழுந்துவிட்டான் என்று ஊருக்கு அர்த்தம். ஓடி வந்தவர்கள் நான் விழவில்லை என்று கண்டு, நான் காட்டிய பக்கம் பார்த்தார்கள். அப்புறம் தோட்டத்துக்கு முன்னால் வரிசை. பெரியவர் இயோபாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அவர் கண்ணை இடுக்கி ஓர் இலையை வாசித்தார், நகர்ந்து அடுத்த இலையை வாசித்தார்.

"பாவம், கேக்குதே" என்றார். "என்னப்பா பவுரோ, பிள்ளைக்குச் சோறு போட மாட்டியா?"

பவுரோ வீட்டுக்குள்ளிருந்து வந்தார். இலைகளைப் பார்த்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. ரகேராவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் ஒரு சத்தம். தீரா வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களாகவே அவள் சோர்ந்துபோய் இருந்தாள். அப்படி அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. பவுரோ திறந்த வாயை மூடிக்கொண்டார். அவள் சிரித்து முடிக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை தூணில் சுத்தியலைக் காணோம். உள்கடல் பக்கம் பவளத்திட்டில் முட்டி நின்றுபோன ஒரு பழைய இரும்புப் படகு உண்டு. நீர் வற்றிய நேரத்தில் அங்கிருந்து டங், டங் என்று சத்தம் வந்தது. ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. பவுரோ படகின் விலாவில் துருவைத் தட்டிக்கொண்டிருந்தார். கீழே விழுந்ததை ஒரு துளியும் சிந்தாமல் அரிசிப் பையில் சேர்த்தார்.

"போசன், துருவைக் கடல்ல தள்ளலையா?" என்று ஒருவர் கத்தினார்.

"சாயம் பூச ஆள் வேணுமா?" என்றார் இன்னொருவர்.

பவுரோ அரிசிப் பையின் வாயை முறுக்கிக் கட்டினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதற்குள் ஏறிவிட்ட இடுப்பளவு நீரில் நிமிர்ந்து நடந்து வந்தார். பாத்திகளில் சாம்பல் தூவிய இடத்திலெல்லாம் இப்போது துருவைத் தூவினார். வெள்ளை மணல்மேல் செம்பொடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

செடி அசையவில்லை. எழுதிய எழுத்துகள்கூட மங்கின. நுனியில் மறுபடி வெளுப்பாகவே இலை வந்தது. பவுரோ இன்னும் ஒரு பை துரு கொண்டு வந்தார். அதுவும் கிடந்தது.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லிட்டா" என்றார் சாப்பிடும்போது.

"அந்தப் பொண்ணு இலை மக்கினா வர்ற புளிப்பு வேணும்னு சொன்னா" என்றாள் தீரா. "வெறும் துரு சுண்ணாம்புல கல்லு மாதிரி கிடக்கும், இலைதழையோட சேந்து கிடந்து அழுகணும்னு. உள்ளே இருந்து நான் கேட்டேன். நீங்க பக்கத்துல நின்னீங்க, கேக்கல."

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சுத்தியலோட இறங்கிப் போனது பாக்க நல்லா இருந்துச்சுங்க."

இலைதழைக்குப் பவுரோ எங்கே போவார்? தன் முற்றத்தில் விழுந்த கடைசிச் சருகுவரை எரித்துச் சாம்பலாக்கியிருந்தார். புதிதாகச் சேர்த்து மக்கவைக்கக் காலமில்லை. கூரைக்கு ஓலை முடைய ஆரம்பித்துவிட்டார்கள். ஊரில் மக்கிக் கறுத்த குப்பை, அதுவும் துருப்பிடித்த டின்களோடு சேர்ந்து பல வருஷம் ஊறிய குப்பை, ஓரிடத்தில்தான் இருந்தது. அதில் கிடந்த டின்களில் பாதி அவரே கொண்டுபோய்க் கொட்டியது.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். ரகேரா மரத்தடியில் பாய் முடைந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மச்சான். யாருக்குக் கல்யாணம்?"

"சும்மாத்தான். உன் பின்பக்கம் ரொம்ப அடைசலா இருக்கே. அள்ளிக் கொடுக்கலாம்னு."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? எனக்கு அடைசல் பழகிப்போச்சு."

"அப்படியில்ல ரகேரா. கொஞ்சம் குப்பை வேணும்."

"என்ன வேணும்?"

"குப்பை."

"சரியா விழல. காத்து அடிக்குது."

"குப்பைடி! உன் குப்பை வேணும்!"

"எனக்கே கேட்டுச்சு" என்றேன் மேலேயிருந்து.

ரகேரா முடைவதை நிறுத்தவில்லை. "என் முற்றம் ரொம்பச் சுத்தம், அதான் என் செடி பட்டினி கிடக்குதுன்னு ஒரு தடவை சொல்லுங்க. மேட்டையே தரேன்."

அவர் பல்லைக் கடித்தார். நான் பாட்டைத் தணித்துக் காத்திருந்தேன். சொல்ல மாட்டார், எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னார். முதலில் முணுமுணுத்தார். அவள் காதில் கையை வைத்துக் காட்டியதும் உரக்கவே சொன்னார். சொல்லிவிட்டு, அவள் சிரிப்பதற்குள், குரலை இறக்கி வேறொன்றும் சொன்னார்; காற்று அதை என் பக்கம் கொண்டுவந்தது.

"நர்ஸ் என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும்ல. அரிசியையும் சர்க்கரையையும் குறைச்சு, கீரையும் காயும் குடுக்கணும்னு. எங்கே போவேன் காய்க்கு? படகுல வர்றது வந்து சேர்றதுக்குள்ள அழுகிடுது. நான் கடல்ல கிடந்த காலமெல்லாம் உங்க அக்கா தனியா இருந்தா. இப்பக் கூட இருந்தும் ஒரு இலை மொளைக்க வைக்க முடியலன்னா..."

தீராவுக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். தோட்டம் அதற்காக என்பது எங்களுக்குத் தெரியாது. தலைக்கு ஒன்று என்று கூடத்தில் அவர் வாய்விட்டதெல்லாம், மனைவிக்காகப் பாத்தி கட்டுகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்ட மனுஷனின் சமாளிப்பு.

ரகேரா பாயை ஒதுக்கி வைத்தாள். எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தாள். அவள் குனிந்து வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேட்டை மூடியிருந்த தன் கொடிகளை அவளே முதலில் அறுத்தெறிந்தாள். இரண்டு பேரும் மாலைவரை அள்ளினார்கள். கறுப்பாக, உதிரியாக, நடுநடுவே கை பட்டால் பொடியும் டின் தகடுகளோடு வந்தது அந்த மண். நான் கள்ளுக் குடுவையை மரத்திலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்த் தள்ளுவண்டியைத் தள்ளினேன். வெள்ளைக் கற்களையெல்லாம் பவுரோவே பிடுங்கிப் போட்டார். பாத்தியைக் குழியாகத் தோண்டி, மணலை வெளியே தள்ளி, உள்ளே அந்தக் கறுப்பைக் கொட்டி, மேலே படகுத் துருவையும் கலந்து, வடக்குக் கரையிலிருந்து வெட்டி வந்த தழையால் மூடினார். பழைய கொடிகள் தேறாது என்று புதிதாக விதை ஊன்றினார்.

"இந்த மண்ணு நாறுது மச்சான்" என்றாள் ரகேரா.

"உன் வாசனைதானே" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் திருப்பிக் கொடுத்த முதல் பதில் அது.

கொடி வந்தது. நுனி இலையே பச்சையாக வந்தது. ஒவ்வொரு இலையும் சேம்பிலைபோல் விரிந்து, முற்றத்தைத் தாண்டி, தீராவின் துணிக்கொடியில் ஏறி, என் தென்னையின் அடியையும் பிடித்தது. ஆனால் விருந்து நாள் காத்திருக்குமா? வடக்கூர்க்காரர்கள் பாட்டோடு வந்து இறங்கிய அன்று கொடியில் இருந்தவை பூக்களும், தேங்காய்க் குரும்பை அளவுக்குப் பிஞ்சுகளும்தான்.

காலையிலிருந்து பவுரோவைக் காணோம். ஒளிந்துகொண்டார் என்று பேச்சானது. விருந்து பரிமாறும் நேரத்தில் வந்தார். பின்னால் தீரா, அவளுக்குப் பின்னால் ரகேரா, மூன்று பேர் தலையிலும் பெரிய பாத்திரங்கள். கூடத்தின் நடுவே வைத்துத் திறந்தார்கள். பூசணிக் கொடியின் இளந்தண்டும் கொழுந்திலையும் கிள்ளி, தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மீன் சேர்த்திருந்தது.

பெரியவர் இயோபா எட்டிப் பார்த்தார். "பவுரோ, இதுல எனக்குப் பூசணி தெரியலையே. கண்ணு அவ்வளவு மோசமாவா போச்சு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு பெரியவரே. பூசணி வரல. நான் வாயால விளைச்சது அது. இது மண்ணுல விளைஞ்சது. தலைக்கு ஒரு கரண்டி இருக்கு."

சிரிப்பு கூரையை இடித்தது. புதுக் கூரை, தாங்கியது. வடக்கூர்க்காரர்கள் விஷயம் என்னவென்று கேட்க, எங்கள் ஆட்கள் இலையில் எழுதிய கதையை நடித்தே காட்டினார்கள். ரகேராவாக நான் நடித்தேன். சிரித்துக்கொண்டே கறியை வழித்துத் தின்றார்கள். வடக்கூர்ப் பெண்கள் இரண்டு பேர் போகிறபோது தீராவிடம் விதை கேட்டார்கள். "விதை தரேன், குப்பை உங்க ஊர்லயே தேடிக்கங்க" என்றாள் அவள்.

பூசணிகள் பிறகு வந்தன. விருந்தாளி ஒருவர்கூட இல்லாத நேரத்தில், நிறுத்தவே முடியாதபடி வந்தன. பவுரோ காலையில் கதவைத் தட்டினால் கையில் பூசணியோடுதான் நிற்பார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் பன்றிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. யார் வைத்தார்கள் என்று போதகர் கேட்கவில்லை.

இப்போது அவர் முற்றத்தில் சருகு விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கிறது. ஊரில் யார் டின் திறந்தாலும் காலியானதைத் தன்னிடம் தரச் சொல்கிறார். அந்த இரும்புப் படகின் விலாவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. சரக்குப் படகுகள் வந்து நின்றால் முதலில் போய் அவற்றின் அடிப்பக்கத்தை ஆசையோடு பார்க்கிறவர் பவுரோதான். படகுக்காரர்கள் அவரைக் கண்டால் சுத்தியல் கொண்டு வந்திருக்கிறாரா என்று கையைப் பார்க்கிறார்கள்.

தீராவின் சோர்வு எவ்வளவோ குறைந்திருக்கிறது. போன தடவை நர்ஸ் சோதித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாராம். அந்த ஒரு சொல்லைப் பவுரோ தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தினமும் பூசணிக்கொழுந்து தின்று தீராவுக்கு நாக்கு செத்துவிட்டது. சில நாள் மத்தியானம் அவள் தங்கை வீட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்து, ரகேரா போட்டுத் தரும் ஒரு பிடி சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறாள். தின்றுகொண்டிருக்கும்போதே பவுரோ தேடி வந்துவிடுவார். ஆனால் நேராக வருவதில்லை. வேலி ஓரத்தில் நின்று, சளி பிடித்தவர்போல் இரண்டு தரம் உரக்க இருமுகிறார். உள்ளே தட்டு மறையும் சத்தம் கேட்டபிறகுதான், "தீரா, இங்கேயா இருக்க?" என்று கேட்டுக்கொண்டு நுழைகிறார்.